காற்றுக்குத் திரை பிடித்த கூலி

முதல் நாள் காற்று.
இரண்டாம் நாளும் காற்று.
லிகேர் நதிக்கு அந்தப்புறம் எழுந்து
அறுத்த வயல்களின் மேல்
அவிழ்த்துவிட்ட குதிரைகள்போல் ஓடியது.

நிலம் அளக்க வந்த நுமிசியுஸ்
ஒரு தடியை ஊன்றியிருந்தான்.
தடியின் தலையில் குறுக்குச் சட்டம்,
சட்டத்தின் நான்கு முனையிலும் நூல்,
நூலின் நுனியில் ஈயக் குண்டு.
நான்கும் அசையாமல் தொங்கினால்தான்
ரோமாபுரியின் கோடு நேராக விழுமாம்.
காற்றுக்கு அது தெரியாது.
குண்டுகள் குடிகாரர்கள்போல் முட்டிக்கொண்டன.
பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்,
அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ஆள் அனுப்பினான்:
கம்பளி உள்ள பெண்கள் நால்வர் வேண்டும்,
சுற்றி நின்று காற்றை மறைக்க.
ஆளுக்கு ஒரு வெள்ளிக் காசு.

போனோம்.
விதைக் கோதுமையைக்கூடப் படை தின்றுவிட்டிருந்தது.
பித்துதாகா போனாள், அவள் நாத்தனார்கள் இருவரும் போனார்கள்,
நான் கத்துமாரோஸின் கம்பளியை எடுத்துக்கொண்டு போனேன்.
அலேசியாவிலிருந்து அவன் வரவில்லை, கம்பளி வந்தது,
இடது விலாப் பக்கம் ஒரு துளையோடு.
தைக்கவில்லை.
ஊசியை எடுக்கும்போதெல்லாம் வேறு வேலை வந்துவிடும்.

இரண்டு நாள் எங்கள் பக்கம் நின்று
போரிட்டது காற்று.
மூன்றாம் நாள் அதற்கு முதுகைக் காட்டி நின்றது
ரோமானியர் அல்ல,
நாங்கள்.

எங்களுக்கு நூல் என்றால் தறியில் ஓடுவது.
அவனுக்குத் தொங்குவது,
பிறகு மெழுகுப் பலகையில் ஏறுவது.
ஏறிவிட்டால் அதுவே நூல், அதுவே சட்டம்.
எங்கள் வயல்களுக்கு மூலை கிடையாது.
ஏர் திரும்பிய இடத்தில் திரும்பும்,
மாடு களைத்த இடத்தில் முடியும்.
"இது என்ன வடிவம்?" என்று கேட்டான்.
"உழுத வடிவம்" என்றாள் பித்துதாகா.
மொழிபெயர்ப்பவன் அதை மொழிபெயர்க்கவில்லை.

கைகள் மரத்தன. குண்டுகள் ஓய்ந்தன.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவன் குனிந்தான்,
தூரத்தில் ஒருவன் கம்பு நடக் காத்திருந்தான்.
அப்போது பார்த்தேன்,
என் பக்கத்துக் குண்டு மட்டும்
தூங்கும் நாயின் காதுபோல் ஒருமுறை துடித்தது.
துளை.
துளை வழியே ஒரு விரல் அளவு காற்று.
உள்ளங்கையால் மூடியிருக்கலாம்.
இரண்டு கையும் கம்பளியைப் பிடித்திருந்தன என்று
இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

நின்ற இடத்தில் ஒரு மயிரிழை.
ஓக் தோப்பருகே ஒரு முழம்.
ஆற்றங்கரையில், பித்துதாகா காலடியால் அளந்து சொன்னாள்,
ஒரு மாடு படுக்கும் அகலம்.

கதை சொல்பவர்கள் அந்த அகலத்தில்
என் தம்பியின் சமாதியை வைப்பார்கள்,
அல்லது தெய்வம் குடியிருந்த மரத்தை.
தோப்பு முழுசாகக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது.
தம்பிக்குச் சமாதியே இல்லை.
எங்களுக்குக் கிடைத்தது சேறு:
நாணல், தவளை, பன்றிகள் புரளும் குழி.
அதற்கும் சேர்த்து வரி போட்டார்கள்.

கூலிக் காசில் ஒரு தலை இருந்தது, உடம்பில்லாமல்.
நாங்களும் தலை வெட்டி வாசலில் மாட்டியவர்கள்தான்.
காசில் மாட்டத் தோன்றியதில்லை,
எங்கள் பழைய காசில் குதிரை இருக்கும்,
கால்கள் ஒரு பக்கம், பிடரி ஒரு பக்கம்,
எந்த நூலுக்கும் அடங்காமல்.

பன்றிகளை அந்தச் சேற்றில்தான் விடுகிறேன்.
குளிர்காலத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு
அவை எழுந்து வரும்வரை நிற்கிறேன்.
இடது விலாவில்
சில்லென்று ஒரு விரல்.